வேதிப்பொருள் ஏற்றிய சரக்கு ரயில் தடம் புரண்டால்: முதல் சில மணி நேரங்களுக்கான முழுமையான வழிகாட்டி

தண்டவாளத்தை ஒட்டிய ஊர்களில் வசிப்பவர்கள், ஊராட்சி உறுப்பினர்கள், பேரிடர்த் தன்னார்வலர்கள், மீட்புப் பணிக்குப் புதிதாக வந்தவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வடசென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் பாதையோர ஊர்களில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி அளித்தபோது, மிகுந்த துணிச்சலும் அக்கறையும் கொண்டவர்களே முதலில் தவறுவதைப் பலமுறை கண்டேன். அவர்கள் செய்ய நினைப்பது பெரும்பாலும் சரியான செயல்தான். அதைச் செய்யும் வரிசைதான் தவறிப்போகிறது.

2025 ஜூலை 13 அதிகாலையில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் தடம் புரண்டு தீப்பிடித்ததில் 18 வேகன்கள் எரிந்தன. மேல்நிலை மின்கம்பிகளில் மின்சாரம் நிறுத்தப்பட்டது, அருகில் குடியிருந்தவர்கள் அப்புறப்படுத்தப்பட்டனர், உயிரிழப்பு ஏற்படவில்லை. ஆனால் அந்த வேகன்களில் டீசலுக்குப் பதிலாகச் சமையல் எரிவாயு இருந்திருந்தால், விலகி நிற்க வேண்டிய தூரமும், தீயை அணுகும் முறையும், மக்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தியும் முற்றிலும் வேறாக இருந்திருக்கும். எனவே, வேகனுக்குள் இருப்பது என்னவென்று தெரியும்வரை, அது மிக மோசமான பொருள் என்றே கருதி நடக்க வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை.

1. விபத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

முதலாவது தேவை ஓர் ஊர் வரைபடம். அதில் பள்ளிகள், மருத்துவமனைகள், தாழ்வான குடியிருப்புகள், வடிகால்கள், கிணறுகள் ஆகியவற்றுடன், ஊருக்கு அருகே செல்லும் ரயில் பாதையின் கிலோமீட்டர் எண்களையும் லெவல் கிராசிங் எண்களையும் குறித்துவையுங்கள். மின்மயமாக்கப்பட்ட பாதையில் ஒவ்வொரு மின்கம்பத்திலும் ஓர் எண் இருக்கும். கிலோமீட்டரையும், அந்தக் கிலோமீட்டருக்குள் கம்பத்தின் வரிசை எண்ணையும் அது காட்டும். ரயில்வே கட்டுப்பாட்டு அறைக்கு "மாரியம்மன் கோவில் பின்புறம்" என்று சொன்னால் விளங்காது. கம்ப எண்ணைச் சொன்னால் நொடியில் விளங்கும்.

இரண்டாவது, கூடும் இடங்கள். பெரும்பாலான ஊர்த் திட்டங்களில் ஒரே ஒரு திருமண மண்டபமோ ஒரே ஒரு பள்ளியோதான் எழுதப்பட்டிருக்கும். அன்று காற்று அந்த மண்டபத்தை நோக்கி வீசினால் மக்களை நாமே நச்சுக்காற்றுக்குள் அனுப்பியவர்களாவோம். தண்டவாளத்தின் இருபுறமும், எதிரெதிர்த் திசைகளில், குறைந்தது இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். தண்டவாளத்தைக் கடக்காமலேயே அவரவர் இடத்தைச் சென்றடைய வழி இருக்க வேண்டும்.

மூன்றாவது, தாமாக நடந்து வெளியேற இயலாதவர்களின் பட்டியல். முதியவர், படுக்கையில் இருப்பவர், காது கேளாதவர், தனியாக வசிப்பவர் ஆகியோரின் வீடும், அவர்களுக்குப் பொறுப்பான ஒருவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். விபத்து நாளில் இந்தப் பட்டியலைத் தயாரிக்க முடியாது.

இவற்றுடன் ஒரு தொலைநோக்கி, ஒரு கையடக்க ஒலிபெருக்கி, கொம்பில் கட்டிய மெல்லிய துணி நாடா ஆகியவை போதும். நாடா காற்றின் திசையை அறிவதற்கு. முகக்கவசப் பெட்டிகளை வாங்கிக் குவிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தூசியைத் தடுக்கும் முகக்கவசம் குளோரினையோ அம்மோனியாவையோ தடுக்காது. அதை அணிந்தவருக்குத் துணிச்சலை மட்டும் கூட்டும்.

2. முதலில் நிற்கவும், பிறகு காற்றைப் பார்க்கவும்

பேரோசை கேட்டதும் மனிதர் அந்தத் திசையை நோக்கி ஓடுவது இயல்பு. ஒரு பயிற்சியில், வேகனாகப் பாவித்து நிறுத்திய ஒரு பீப்பாயை நோக்கிப் பன்னிரண்டு தன்னார்வலர்களில் ஒன்பது பேர் நேராக ஓடினார்கள். அவர்களில் ஒருவரும் நாடாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் ஓடிய பாதை முழுவதும் காற்று போகும் பக்கத்தில் இருந்தது.

ஆகவே முதல் செயல் நிற்பது. அடுத்து, காற்று உங்கள் முதுகில் பட்டு விபத்து நடந்த இடத்தை நோக்கிப் போகும்படியான பக்கத்திற்கு, வளைந்து சுற்றிக்கொண்டு நகருங்கள். முடிந்தால் மேடான இடத்தில் நில்லுங்கள். குளோரின் காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது. சமையல் எரிவாயுவும் கனமானதுதான். இவை பள்ளம், கால்வாய், சுரங்கப்பாதை, கிணறு ஆகியவற்றில் தண்ணீரைப் போல இறங்கித் தேங்கும். அம்மோனியா இயல்பில் காற்றைவிட இலேசானது. ஆனாலும் திரவமாக்கி ஏற்றப்பட்ட அம்மோனியா குளிர்ந்த வெண்புகையாக வெளிப்படும்போது முதலில் தரையோடுதான் படரும் என்பதால், அதற்கும் இதே விதிதான்.

காற்றின் திசை நாள் முழுவதும் ஒன்றாக இருக்காது. சென்னைக் கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் கோடைக்காலத்தில் காலையில் நிலத்திலிருந்து வீசும் காற்று நண்பகல் வாக்கில் கடற்காற்றாக மாறும். காலை எட்டு மணிக்குப் பாதுகாப்பாக இருந்த இடம் பகல் ஒரு மணிக்கு ஆபத்தானதாகலாம். எனவே நாடாவைப் பார்ப்பதற்கென்றே ஒருவரை நியமித்து, பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை அவரைக் குரல் கொடுக்கச் சொல்லுங்கள்.

நிற்கும் தூரம் போதுமா என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. கையை முழுவதுமாக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தி, ஒரு கண்ணால் பாருங்கள். விரல் விபத்துக் காட்சி முழுவதையும் மறைக்காவிட்டால் நீங்கள் மிக அருகில் நிற்கிறீர்கள்.

3. இடத்தைச் சொல்லுங்கள், எதிர்த் தடத்தைக் காப்பாற்றுங்கள்

வேகனில் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு அழைக்கலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். அது தவறு. தடம் புரண்ட வேகன்கள் பக்கத்துத் தடத்தின்மீதும் கிடக்கக்கூடும். அடுத்த சில நிமிடங்களில் அந்தத் தடத்தில் பயணிகள் ரயில் வரலாம். ஆகவே பொருள் தெரியாவிட்டாலும் இடத்தை உடனே சொல்ல வேண்டும்.

ரயில்வேக்கு 139, பொது அவசர உதவிக்கு 112, தீயணைப்புக்கு 101, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. அருகில் லெவல் கிராசிங் இருந்தால் கேட் கீப்பரிடம் சொல்வதுதான் மிக விரைவான வழி. அவரிடம் நிலைய அதிகாரியோடு நேரடித் தொலைபேசித் தொடர்பு இருக்கும். சொல்ல வேண்டியவை: கம்ப எண் அல்லது கிராசிங் எண், தீ உள்ளதா, புகை அல்லது ஆவியின் நிறம், அது போகும் திசை, பக்கத்துத் தடம் அடைபட்டுள்ளதா, நீங்கள் நிற்கும் பக்கம்.

பக்கத்துத் தடத்தைப் பாதுகாப்பது ரயில் ஓட்டுநர், கார்டு (இப்போதைய பதவிப்பெயர் ரயில் மேலாளர்) ஆகியோரின் கடமை. அகல ரயில் பாதையில் 600 மீட்டரில் ஒரு வெடிவில்லையும் 1,200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடிவில்லைகளும் (சக்கரம் ஏறும்போது வெடித்து ஓட்டுநரை எச்சரிப்பவை) தண்டவாளத்தின்மீது வைத்து எதிர் ரயிலை நிறுத்த வேண்டும் என்பது அவர்களுக்குரிய விதி. அவர்கள் காயமுற்றிருக்கலாம். அப்படி ஒரு ரயில் வருவதைப் பார்த்தால், தடத்திற்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் நின்று, பகலில் இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தியோ சிவப்புத் துணியைக் காட்டியோ, இரவில் விளக்கை உடலுக்குக் குறுக்கே வேகமாக அசைத்தோ நிறுத்தச் சைகை செய்யலாம். ஓட்டுநர்கள் இவற்றை ஆபத்துச் சைகைகளாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆவி படர்ந்திருக்கும் பக்கத்தில் மட்டும் இதைச் செய்ய முற்படாதீர்கள்.

4. வேகனில் இருப்பது என்ன என்று கண்டறிதல்

இந்தப் படியை அவசரப்பட்டுச் செய்யக் கூடாது, தள்ளிப்போடவும் கூடாது. இதற்கு மூன்று வழிகள் உள்ளன. மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

முதல் வழி, வேகனின் வடிவமும் எழுத்துகளும். தொலைநோக்கியால் மட்டும் பாருங்கள். பி.டி.பி.என். (BTPN) என்று எழுதியிருந்தால் பெட்ரோல், டீசல் போன்ற எண்ணெய்களை ஏற்றும் வேகன். ஒன்றின் கொள்ளளவு சுமார் 70,000 லிட்டர். பி.டி.பி.ஜி.எல்.என். (BTPGLN) என்றால் சமையல் எரிவாயு, பி.டி.ஏ.எல்.என். (BTALN) என்றால் அம்மோனியா. பின் இரண்டும் அழுத்தத்தைத் தாங்கும் கலன்கள். இரு முனைகளும் உருண்டு குவிந்திருக்கும்.

இரண்டாவது வழி, வேகனில் உள்ள ஆபத்து எச்சரிக்கைப் பலகையும், ஆபத்தான பொருளை அடையாளம் காட்டும் நான்கு இலக்க ஐ.நா. எண்ணும். 1202 டீசல், 1203 பெட்ரோல், 1075 சமையல் எரிவாயு, 1005 அம்மோனியா, 1017 குளோரின், 1830 கந்தக அமிலம், 1824 காஸ்டிக் சோடாக் கரைசல். எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லி, கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். 1075-ஐ 1057 என்று மாற்றிச் சொன்னவரை நான் பார்த்திருக்கிறேன்.

பலகையை மட்டுமே நம்பியிருக்க முடியாது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கிழக்குப் பாலஸ்தீன் என்ற சிற்றூரில் 2023 பிப்ரவரி 3 இரவு 38 வேகன்கள் தடம் புரண்டு தீ மூண்டது. தீயில் பலகைகள் பல கருகிப் படிக்க முடியாதவையாயின. வேகன் வரிசைப் பட்டியல் தீயணைப்பு வீரர்களின் கைக்குத் தாமதமாகவே வந்தது என்பதை அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் விசாரணையில் குறையாகச் சுட்டியது. அதுவரை அந்த வீரர்கள் தாம் எதை எதிர்கொள்கிறோம் என்பதைத் தெளிவாக அறியாமலேயே அங்கு நின்றார்கள்.

எனவே மூன்றாவது வழிதான் உறுதியானது: காகிதமும் கணினியும். எந்த வேகன் வரிசையில் எத்தனையாவதாக உள்ளது, அதில் என்ன ஏற்றப்பட்டுள்ளது என்ற விவரம் ஓட்டுநரிடமும் கார்டிடமும் உள்ள ஆவணங்களிலும், ரயில்வேயின் சரக்குத் தகவல் கணினி அமைப்பிலும் இருக்கும். வேகனின் பக்கவாட்டில் எழுதப்பட்ட வேகன் எண் ஒன்று கிடைத்தாலே கட்டுப்பாட்டு அறையால் முழு வரிசையையும் சொல்ல முடியும். தப்பி வந்த ஓட்டுநரையும் கார்டையும் சில நேரங்களில் கூட்டம் சூழ்ந்துகொண்டு குற்றவாளிகளைப் போல விசாரிக்கத் தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் அங்கு மிக மதிப்புள்ள தகவல் அவர்களிடம்தான் இருக்கிறது. அவர்களைப் பாதுகாப்பாக உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மீட்புப் பொறுப்பாளரிடம் கொண்டுசேருங்கள்.

வாசனையைக் கொண்டு பொருளை அறிய முயலாதீர்கள். வாசனை தெரிகிறது என்றால் நீங்கள் அதைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

5. எல்லை வகுத்தல்

வட அமெரிக்க நாடுகள் சேர்ந்து வெளியிடும் அவசரகாலக் கையேட்டின் தூரங்கள் பல நாடுகளில் தொடக்க அளவாகப் பயன்படுகின்றன. ரயில் டேங்கர் தீயில் சிக்கியிருந்தால், டீசல், பெட்ரோல் ஆகியவற்றுக்கு எல்லாத் திசைகளிலும் 800 மீட்டர்; சமையல் எரிவாயுவுக்கு 1,600 மீட்டர். தீயின்றிக் கசியும் அம்மோனியா டேங்கருக்குத் தொடக்க எல்லை 300 மீட்டர். குளோரினுக்கு 1,000 மீட்டர். என்ன பொருள் என்றே தெரியாதபோது, கசிவுக்குக் குறைந்தது 100 மீட்டர். டேங்கர் எரிந்தால் 800 மீட்டர்.

நச்சு வாயுக்களுக்கு இந்த வட்டம் மட்டும் போதாது. காற்று போகும் திசையில் இன்னும் நெடுந்தூரம் மக்களைக் காக்க வேண்டும். மெல்லிய காற்று வீசும் இரவில் அம்மோனியா டேங்கருக்கு இத்தூரம் நான்கு கிலோமீட்டரைத் தாண்டும். குளோரினுக்குப் பதினொரு கிலோமீட்டருக்கும் மேல். இரவில் தரையையொட்டிய காற்று மேலெழுந்து கலக்காமல் தங்கிவிடுவதால், வாயு நீர்த்துப்போகாமல் நெடுந்தூரம் நகர்கிறது. பகலில் விபத்து நடந்திருந்தாலும், மாலை சாய்வதற்குள் எல்லையை மறுபடி கணக்கிட வேண்டியதன் காரணமும் இதுவே.

எல்லையைத் தொடக்கத்திலேயே பெரிதாக வகுத்துவிட்டுப் பிறகு குறைப்பது எளிது. சிறிதாக வகுத்த எல்லையை, கூட்டம் கூடிய பிறகு பெரிதாக்குவது ஏறக்குறைய இயலாத காரியம்.

கொட்டிய எண்ணெயைக் குடத்திலும் பக்கெட்டிலும் பிடிக்க வருபவர்களைத் தடுப்பது எல்லைக் காவலின் முதன்மையான வேலை. பாகிஸ்தானின் பகாவல்பூர் மாவட்டத்தில் 2017 ஜூன் 25 அன்று கவிழ்ந்த பெட்ரோல் லாரியைச் சுற்றி எண்ணெய் பிடிக்கக் கூடிய மக்கள் 200 பேருக்கும் மேல் தீயில் இறந்தார்கள். வறுமை காரணமாக வருபவர்களை அதட்டி விரட்டுவதைவிட, அவர்களுக்குத் தெரிந்த ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கொண்டு பேசவைப்பது பலன் தரும் என்பது என் அனுபவம்.

6. மேல்நிலை மின்கம்பி

இதைத் தனிப் படியாக எழுதக் காரணம், ரசாயனத்தைப் பற்றிய பயத்தில் எல்லோரும் இதை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான். மின்பாதைகளில் தலைக்குமேல் செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. கம்பி அறுந்து தரையில் கிடந்தாலும், தீப்பொறி எதுவும் வராவிட்டாலும், அதில் மின்சாரம் ஓடுகிறது என்றே கருத வேண்டும்; அறுந்த கம்பிக்குத் தொலைவிலிருந்து மறுபடி மின்சாரம் செலுத்தப்படவும் கூடும்.

மின்சாரம் நிறுத்தப்பட்டது என்ற சொல் போதுமானதல்ல. ரயில்வே மின்பிரிவு ஊழியர்கள் நேரில் வந்து கம்பியை இருபுறமும் தரையோடு இணைத்து (நிலத்தொடர்பு, அதாவது எர்த் கொடுத்து), அதை மீட்புப் பொறுப்பாளரிடம் உறுதிசெய்த பிறகே, எவரும் வேகன்மீது ஏறவோ ஏணியை நிமிர்த்தவோ தண்ணீரையோ நுரையையோ பீய்ச்சவோ வேண்டும். தண்ணீர்த் தாரை மின்சாரத்தைக் குழாய் பிடித்திருப்பவரின் கைக்கே கொண்டுவந்துவிடும்.

7. வெளியேற்றுவதா, வீட்டுக்குள்ளேயே இருக்கச் செய்வதா

இந்த முடிவைத்தான் மிக அதிகமாகப் பிழையாக எடுக்கிறார்கள். "எல்லோரும் ஓடுங்கள்" என்பது எல்லா விபத்துக்கும் பொருந்தும் கட்டளை அல்ல.

எரியும் ஆபத்து, வெடிக்கும் ஆபத்து இருந்தால் வெளியேற்றமே வழி. இத்தாலியின் வியாரெஜ்ஜோ நகரில் 2009 ஜூன் 29 நள்ளிரவை ஒட்டி, தடம் புரண்ட டேங்கரிலிருந்து கசிந்த எரிவாயு தண்டவாளத்தை ஒட்டிய தெருக்களுக்குள் புகுந்து தீப்பற்றியதில் 32 பேர் இறந்தார்கள். இத்தகைய நேரத்தில் வீட்டில் மின்விளக்கின் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வண்டியைக் கிளப்பக் கூடாது. அடுப்பை மூட்டக் கூடாது. நடந்தே விலக வேண்டும்.

நச்சு வாயு ஏற்கனவே தெருவுக்குள் வந்துவிட்டிருந்தால், அதன் ஊடாக மக்களை ஓடவைப்பது அவர்களை ஆழமாக மூச்சிழுக்கச் செய்வதாகும். அமெரிக்காவின் தென் கரோலினாவில் கிரானிட்வில் என்ற ஆலை நகரத்தில் 2005 ஜனவரி 6 அதிகாலை ஒரு ரயில் மற்றொன்றின்மீது மோதி, ஒரு டேங்கரிலிருந்து குளோரின் வெளியேறியது. ஒன்பது பேர் இறந்தனர்; சுமார் 5,400 பேர் இடம்பெயர்ந்தனர். குளோரின் அடர்ந்திருந்த பகுதிக்குள் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: வீட்டுக்குள் செல்லுங்கள், கதவு, சன்னல்களை மூடுங்கள், குளிர்சாதனத்தையும் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறியையும் நிறுத்துங்கள், இடுக்குகளில் ஈரத்துணியை அடையுங்கள், கனமான வாயு என்றால் மாடிக்குச் செல்லுங்கள்.

வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லாத ஒன்று இங்கே உண்டு. நம் பாதையோரக் குடியிருப்புகளில் பல, தகரக் கூரையும் ஓலைக் கூரையும் கொண்டவை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி இருக்கும். அந்த வீட்டுக்குள் இருப்பதும் வெளியே நிற்பதும் வாயுவைப் பொறுத்தவரை ஒன்றுதான். அத்தகைய வீடுகளைத் திட்டத்தில் முன்கூட்டியே குறித்து, வாயு வந்து சேரும் முன்பே அவர்களை முதலாவதாக வெளியேற்ற வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால், அருகிலுள்ள மாடிக் கட்டடத்திற்கு மாற்ற வேண்டும்.

வெளியேறும்போது மக்கள் காற்றின் திசைக்குக் குறுக்காகச் செல்ல வேண்டும். காற்று போகும் திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து தெருவுக்கு ஓட வேண்டியதாயிற்று. இருட்டில் எந்தப் பக்கம் ஓடுவது என்ற கேள்விக்குரிய விடை ஒவ்வொரு வீட்டிலும் பகலிலேயே தெரிந்திருக்க வேண்டும். கோவில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றின் ஒலிபெருக்கிகளில் திசையைத் தெருப்பெயரோடு அறிவிக்க வேண்டும்; வடக்கு, தெற்கு என்று மட்டும் சொன்னால் பதற்றத்தில் எவருக்கும் விளங்காது. ஈரத்துணியால் மூக்கை மூடுவது வெளியேறும் நேரத்தில் சிறிது உதவலாம். அதை நம்பி எவரும் உள்ளே போகக் கூடாது.

8. தீயும் கசிவும்: தொடுவதற்கு முன் கேட்க வேண்டியவை

இது பயிற்சியும் சுவாசக் கருவியும் உள்ள தீயணைப்பு வீரர்களின் வேலை. ஆனாலும் அருகில் இருப்பவர்கள் இதன் காரணங்களைப் புரிந்துகொண்டால்தான், "ஏன் சும்மா நிற்கிறார்கள்?" என்று வீரர்களை நெருக்காமல் இருப்பார்கள்.

டீசல், பெட்ரோல் தீயில் தண்ணீரை நேரடித் தாரையாக அடித்தால் எரியும் எண்ணெய் மிதந்து பரவும். நுரைதான் எண்ணெயின் மேற்பரப்பை மூடித் தீயை அடக்கும். தண்ணீர், எரியாத பக்கத்து வேகன்களைக் குளிர்விக்கப் பயன்பட வேண்டும். நுரை போதுமான அளவு வந்து சேருமுன் தொடங்கி, பாதியில் தீர்ந்துபோனால், அடங்கிய தீ மறுபடி முழுவதும் எழும். ஆகவே காத்திருந்து தொடங்குவதுதான் சரி. இதற்கிடையில் மண் வரப்புகள் எழுப்பி, எண்ணெய் வடிகாலுக்கும் ஓடைக்கும் போகாமல் தடுக்கலாம். அதுவும் எல்லைக்கு வெளியே, எண்ணெய் வந்துசேரும் முன்பு.

எரிவாயு டேங்கரின் வாயில் எரியும் தீயை, கசிவை அடைக்க முடியாத நிலையில் அணைக்கக் கூடாது. அணைத்தால் எரியாத வாயு பரவி, வேறோர் இடத்தில் பெருவெடிப்பாகப் பற்றும்.

டேங்கரின் மேற்பகுதியில், உள்ளே திரவம் தொடாத இடத்தில் தீ பட்டால் இரும்பு விரைவில் வலுவிழக்கும். உள்ளிருக்கும் திரவம் கொதித்து அழுத்தம் கூடி, கலன் கிழிந்து வெடிக்கும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக் கிங்மன் நகரில் 1973 ஜூலை 5 அன்று, புரொப்பேன் டேங்கர் தீப்பிடித்து ஏறத்தாழ 20 நிமிடங்களில் இப்படி வெடித்தது. 11 தீயணைப்பு வீரர்கள் இறந்தனர். பாதுகாப்பு வால்விலிருந்து வரும் சத்தம் கூடிக்கொண்டே போனாலோ, கலனின் நிறம் மாறினாலோ, எல்லோரும் கருவிகளை விட்டுவிட்டு உடனே விலக வேண்டும். குழாயைச் சுருட்டி எடுத்துவரத் திரும்பிச் செல்லக் கூடாது.

குளோரின் கசியும் துளையின்மீது தண்ணீர் அடித்தால் அமிலம் உருவாகி, துளை அரிக்கப்பட்டுப் பெரிதாகும். அம்மோனியா ஆவியை நீர்த்திரை கொண்டு அடக்கலாம். ஆனால் தேங்கிய அம்மோனியாத் திரவத்தின்மீது தண்ணீர் ஊற்றினால் ஆவி பெருகும். ஒரு பொருளுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு விறகாகிறது. நான்காவது படியை முடிக்காமல் இந்தப் படிக்கு வரக் கூடாது என்பது இதனால்தான்.

அமைதியாகக் கிடக்கும் டேங்கரையும் நம்பக் கூடாது. டென்னசி மாநிலத்தின் வேவர்லி நகரில் 1978 பிப்ரவரி 22 இரவு தடம் புரண்ட புரொப்பேன் டேங்கர் கசியாமலும் எரியாமலும் கிடந்தது. இரண்டு நாள் கழித்து, வெயில் ஏறிய பிற்பகலில், எரிவாயுவை வேறு கலனுக்கு மாற்ற ஆயத்தம் செய்தபோது, விபத்தில் நசுங்கிய இடத்தில் கலன் கிழிந்து வெடித்தது. 16 பேர் இறந்தனர். நசுங்கல், கீறல், இழுபட்ட தடம் ஆகியவை உள்ள அழுத்தக் கலனை வல்லுநர் சோதித்து ஒப்புதல் தரும் முன் கிரேன் தொடக் கூடாது. எல்லையையும் சுருக்கக் கூடாது.

9. பாதிக்கப்பட்டவர்களுக்கு முதலுதவி

வாயுவுக்குள் விழுந்து கிடப்பவரை இழுத்துவரச் சுவாசக் கருவி இல்லாமல் போனால், மீட்க வேண்டியவர்கள் இருவராவார்கள். இதைச் சொல்வதற்குக் கடினமாக இருக்கிறது. கண்ணெதிரே ஒருவர் கிடக்கும்போது நிற்பது இன்னும் கடினம். ஆனாலும் நிற்கத்தான் வேண்டும். குரல் கொடுத்து, அவரால் இயன்றால் தானாக நடந்து அல்லது தவழ்ந்து வெளிவரச் செய்ய வேண்டும்.

வெளியே வந்தவருக்கு முதல் சிகிச்சை, உடையைக் களைவது. தலைவழியாக உருவினால் ரசாயனம் முகத்தில் படும். கத்தரித்து எடுக்க வேண்டும். உடையைக் களைந்தாலே பெரும்பகுதி ரசாயனம் நீங்கிவிடும். பெண்களுக்கெனத் துணித் திரையும் மாற்றுடையும் முன்பே ஆயத்தமாக இருக்க வேண்டும். இவை இல்லாததால் பலர் நனைந்த உடையுடனேயே மருத்துவமனைக்குச் சென்று, வழியெல்லாம் தோல் வெந்து துன்புறுவார்கள்.

அமிலமோ காஸ்டிக் சோடாவோ பட்டிருந்தால் தோலையும் கண்ணையும் குறைந்தது 20 நிமிடங்கள் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். எலுமிச்சைச் சாறு, சோடா மாவு என்று எதையும் தடவாதீர்கள். அவை வினைபுரிந்து வெப்பத்தைக் கூட்டும். திரவ வாயு பட்டு உறைந்த தோலைத் தேய்க்காதீர்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள். அவர் உள்ளிழுத்த நஞ்சு உங்களுக்கும் வரும்.

கழுவாதவரை ஆம்புலன்சில் ஏற்றினால் ஓட்டுநரும் மருத்துவமனை ஊழியரும் பாதிக்கப்படுவார்கள். ரசாயனத்தின் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதி நோயாளியோடு அனுப்புங்கள். குளோரினைச் சுவாசித்தவர் தொடக்கத்தில் இயல்பாக இருந்தாலும், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலாம். "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்பவரையும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

10. ஒரே கட்டளை இடம்

ரயில்வே, தீயணைப்புத் துறை, காவல்துறை, வருவாய்த்துறை, அரக்கோணத்தில் நிலைகொண்டுள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன், சரக்கை அனுப்பிய நிறுவனத்தின் வல்லுநர் ஆகிய எல்லோரும் ஒரே இடத்தில், காற்று வரும் பக்கத்தில் கூட வேண்டும். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். பாதிக்கப்படாத வேகன்களைப் பிரித்து இழுத்துச் செல்வது போன்ற முடிவுகள் அங்கே, ரயில்வேயின் ஒப்புதலோடு எடுக்கப்பட வேண்டும். கனடாவின் மிசிசாகா நகரில் 1979 நவம்பர் 10 இரவு நடந்த விபத்தில் ரயில் ஊழியர் ஒருவர் துணிந்து முன்பகுதி வேகன்களைக் கழற்றிவிட, அவை அப்பால் இழுத்துச் செல்லப்பட்டன; அதன் பிறகு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர்; ஒருவரும் இறக்கவில்லை.

பெரிய முடிவு எதையும், அந்தப் பொருளை உற்பத்தி செய்தவரின் கருத்தைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. கிழக்குப் பாலஸ்தீனில் விபத்துக்கு மூன்று நாள் கழித்து, வினைல் குளோரைடு என்ற எளிதில் தீப்பற்றும் வேதிப்பொருள் இருந்த ஐந்து டேங்கர்கள் வெடித்துவிடுமோ என்ற அச்சத்தில் வேண்டுமென்றே துளையிட்டு எரிக்கப்பட்டன. அது தேவையற்றது என்று விசாரணை வாரியம் 2024இல் முடிவுகூறியது. டேங்கருக்குள் ஆபத்தான வினை நிகழவில்லை என்ற உற்பத்தியாளரின் கருத்து, முடிவெடுத்தவரைச் சென்றடையாமலேயே போயிருந்தது. யாரிடம் என்ன கேட்கப்பட்டது, என்ன பதில் வந்தது, எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொள்ள ஒருவரை முதல் நிமிடத்திலிருந்தே அமர்த்துங்கள்.

11. வீடு திரும்ப அனுமதித்தல்

தீ அணைந்ததும் மக்கள் திரும்பிச் செல்லத் துடிப்பார்கள். ஆடு, மாடுகள் கட்டிக் கிடக்கும், வீடு திறந்து கிடக்கும். அனுமதி தர வேண்டியது கட்டளை இடம் மட்டுமே. அதற்குமுன் காற்றை அளக்க வேண்டும். தெருவில் மட்டும் அளந்தால் போதாது. சாக்கடை, கிணறு, நிலத்தடித் தொட்டி, பூட்டிய அறை ஆகியவற்றில் அளக்க வேண்டும். சில மணி நேரம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும்.

முதலில் வீட்டுக்குப் பெரியவர் ஒருவர் மட்டும் சென்று கதவு, சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்தட்டும். மூடாமல் வைத்திருந்த உணவையும் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். எண்ணெயோ ரசாயனமோ மண்ணில் இறங்கியிருந்தால், கிணற்று நீரையும் ஆழ்துளை நீரையும் பரிசோதனை முடிவு வரும்வரை குடிக்கவோ சமைக்கவோ கால்நடைக்குக் கொடுக்கவோ வேண்டாம். நிலத்தடியில் எண்ணெய் மெதுவாகவே நகரும் என்பதால், முதல் சோதனையில் தூய்மையாக இருந்த கிணறு பின்னர் கெடலாம். மழைக்காலம் முடிந்த பிறகும் ஒருமுறை சோதிக்கச் சொல்லி ஊராட்சியில் எழுத்துமூலம் கேளுங்கள். அந்த மனுவோடு, தடம் புரண்ட இடத்தின் கம்ப எண்ணையும் ஒவ்வொரு கிணறும் அங்கிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதையும் குறித்த ஊர் வரைபடத்தை இணைத்துவிடுங்கள்.